சேற்றில் எழுந்த நிலம் யாருக்கு?

அமெரிக்காவில் டெலாவேர் ஆறு கடலை நெருங்கும் இடத்தில், கிழக்குக் கரையிலிருந்து ஃபின்ஸ் முனை ஆற்றுக்குள் துருத்திக்கொண்டு நிற்கிறது. கிழக்குக் கரை நியூ ஜெர்சி மாநிலம், மேற்குக் கரை டெலாவேர். ஆனால் இந்த முனையின் ஆற்றோரப் பகுதி மட்டும் டெலாவேரைச் சேர்ந்தது. ஆறோ மலையோ குறுக்கிடாமல், நாணல் மண்டிய சதுப்பின் ஊடாகவே மாநில எல்லை போகிறது. டெலாவேர்க்காரர் ஒருவர் தம் மாநிலத்தின் இந்தத் துண்டுக்குத் தரைவழியாக வர வேண்டுமானால், பாலம் ஏறி நியூ ஜெர்சிக்குள் நுழைந்துதான் வர வேண்டும்.

காரணம் 1682இல் எழுதிய ஒரு பத்திரத்தில் இருக்கிறது. இங்கிலாந்து மன்னரின் தம்பியான யார்க் கோமகன், மேற்குக் கரையில் உள்ள நியூ காஸில் ஊரையும் அதைச் சுற்றி 12 மைல் வட்டத்துக்குள் அடங்கும் பகுதியையும் பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென்னுக்கு எழுதிக் கொடுத்தார். அவ்வாண்டு அக்டோபரில் பென் அங்கே கரையிறங்கியபோது கோட்டைச் சாவி அவர் கைக்கு வந்தது. சுள்ளி நட்ட புல்மண் கட்டி ஒன்றும், ஒரு கிண்ணத்தில் ஆற்றுநீரும் மண்ணும் தந்தார்கள். நிலம் கைமாறியதற்கு அன்றைய சட்டம் கேட்ட அடையாளங்கள் இவை.

ஆறு எல்லையானால் நடு ஆற்றிலோ கப்பல் போகும் ஆழமான தடத்திலோ கோடு போடுவதுதான் வழக்கம். பென்னுக்குக் கிடைத்த அந்த நிலம் பின்னாளில் டெலாவேர் ஆனதால், இங்கே அப்படியில்லை. வட்டத்துக்குள் இருக்கும் ஆற்றுப்படுகை முழுவதும், நியூ ஜெர்சிக் கரையில் தண்ணீர் வற்றி நிற்கும் தாழ்நீர்க் கோடுவரை, டெலாவேருக்கே என்று 1934இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி கார்டோசோ. வட்டத்துக்குத் தெற்கே மட்டும் கப்பல் தடமே எல்லை.

சரி, தண்ணீரில் கிடந்த எல்லை தரைக்கு எப்படி வந்தது? வண்டலால்தான். நன்னீரில் மிதக்கும் களிமண் துகள்கள் எதிர்மின்னேற்றம் கொண்டவை; ஒன்றையொன்று விலக்கிக்கொண்டே வரும். கழிமுகத்தில் உப்புநீர் கலந்ததும் உப்பின் அயனிகள் அந்த விலக்கத்தைத் தணிக்கின்றன. துகள்கள் ஒட்டித் திரண்டு, கனத்து, அடியில் படிகின்றன. பிலடெல்பியாவுக்குப் போகும் கப்பல்களுக்கு ஆழம் வேண்டும் என்பதால் இந்தச் சேற்றை ஓயாமல் தூர்வாரியாக வேண்டும். ராணுவப் பொறியாளர் படை அதைக் கரையோர ஆழமற்ற நீரில் கொட்டிக்கொண்டே வந்தது. ஃபின்ஸ் முனைக்கு முன்னால் இருந்த படுகை மேடாகி, நிலமானது.

ஆறு தானே சிறிது சிறிதாக மண் சேர்த்துக் கரையை வளர்த்தால் எல்லையும் அதோடு நகரும். மனிதர் மண் கொட்டி நிரப்பினால் எல்லை பழைய இடத்திலேயே நிற்கும். 1998இல் நியூயார்க் துறைமுகத்திலுள்ள எல்லிஸ் தீவு பற்றிய வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதே விதியைப் பின்பற்றியது: தீவின் பழைய திட்டு நியூயார்க்குக்கு, நிரப்பிய பெரும்பகுதி நியூ ஜெர்சிக்கு. ஃபின்ஸ் முனையை வரைபடக் கிறுக்கு என்று சொல்லி நகர்வது எனக்கு உடன்பாடில்லை. மண் எப்படி வந்து சேர்ந்தது என்ற புவியியல் கேள்விக்குச் சட்டம் தந்த நேர்மையான பதில் அது.

சற்றுத் தெற்கே ‘செயற்கைத் தீவு’ என்ற இன்னொரு மேடு உண்டு. பெயர்தான் தீவு, கரையோடு ஒட்டியே கிடக்கிறது. அதுவும் தூர்வாரிய சேறு. இங்கே அந்த 12 மைல் வட்டமே நிலத்தை வெட்டுகிறது. வட்டத்துக்குள் விழும் வடமுனை டெலாவேர். மூன்று அணு உலைகள் நிற்கும் தென்பகுதி நியூ ஜெர்சி.

பழைய பத்திரம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. நியூ ஜெர்சிக் கரையில் திரவ இயற்கை எரிவாயு முனையம் ஒன்று கட்ட பிபி எண்ணெய் நிறுவனம் திட்டமிட்டது. கப்பல்கள் அணைவதற்கான நீண்ட மேடை தாழ்நீர்க் கோட்டைத் தாண்டி நீள வேண்டியிருந்தது. டெலாவேர் அனுமதி மறுத்தது; நியூ ஜெர்சி வழக்குத் தொடுத்தது. மறுக்கும் அதிகாரம் டெலாவேருக்கு உண்டு என்று 2008இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. முனையம் எழவில்லை.