வீட்டுப் பூனைக்கும் வேலை வேண்டும்

பணி மாறுதலில் கொல்கத்தாவை அடுத்த சாந்த்ராகாச்சிக்கு வந்தபோது, இரயில் நிலையத்தை ஒட்டிய ஏரியே முதலில் எங்கள் கண்ணில் பட்டது. குளிர்காலத்தில் அதன் ஆகாயத்தாமரைத் திட்டுகளில் சீழ்க்கைச் சிறகிகள் திரளாக வந்து தங்குகின்றன. பறவையைக் கண்டால் பாய்வது பூனையின் இயல்பு. வாகனம் மிகுந்த சாலையோ பூனைக்கு ஆபத்து. ஆகவே எங்கள் பூனையை வீட்டிற்குள்ளேயே வளர்ப்பது என்று முடிவு செய்தோம்.

ஓராண்டில் அது பருத்தது. பகலெல்லாம் உறங்கி, இரவெல்லாம் கதவைப் பிறாண்டியது. சோதித்துப் பார்த்த கால்நடை மருத்துவர், "நோய் ஏதுமில்லை, செய்வதற்கு வேலைதான் இல்லை" என்றார். அவர் கூறியவற்றையும் நாங்கள் கற்றவற்றையும் இங்கே தொகுத்துள்ளோம்.

வேட்டையே அதன் விளையாட்டு

பூனை நாளில் பாதிக்கு மேல் உறங்கும். விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாக இருக்கும். பதுங்குதல், துரத்துதல், பாய்ந்து பற்றுதல், உண்ணுதல் என்பதே அதன் இயற்கையான ஒழுங்கு. கிண்ணத்தில் உணவு தானே வந்துவிடும்போது முதல் மூன்றுக்கும் இடமின்றிப் போகிறது. அவற்றை நாம்தான் ஈடுசெய்ய வேண்டும்.

காலையும் மாலையும் பத்து நிமிடம் போதும். குச்சி நுனியில் கட்டிய இறகையோ துணிப்பந்தையோ பூனையை விட்டு விலகி ஓடும் இரைபோல் இழுக்க வேண்டும். முகத்திற்கு நேரே ஆட்டலாகாது. இறுதியில் அதைப் பிடிக்கவிட்டு, உடனே உணவளித்தால் நிறைவோடு உறங்கும். ஒளிப்புள்ளியை மட்டும் துரத்தும் பூனைக்குக் கையில் எதுவும் சிக்காது. பல பூனைகள் அதனால் எரிச்சலடைகின்றன.

செலவில்லாத ஏற்பாடுகள்

• ஒரு நாள் உணவையே பிரித்து, முட்டை அட்டைக் குழிகளில் சிறிது சிறிதாக ஒளித்து வையுங்கள்.
• சன்னலோரம் உறுதியான பலகை அமையுங்கள். உயரத்திலிருந்து வெளியே பார்ப்பது பூனைக்குப் பெரும் பொழுதுபோக்கு. மாடி வீடாயின் சன்னலுக்கும் பால்கனிக்கும் வலை கட்டாயம்.
• வங்கத்தில் எளிதில் கிடைக்கும் சணல் கயிற்றை மரக்கட்டையில் சுற்றினால், நகம் தீட்டும் தூண் தயார்.
• பொம்மைகள் அனைத்தையும் ஒருசேரப் பரப்பாமல், சில நாள்களுக்கு ஒருமுறை மாற்றிக் கொடுங்கள்.

நம்மூர்க் குப்பைமேனிக்குப் 'பூனைவணங்கி' என்றும் பெயருண்டு. அதன் வேரின் மணத்தில் பூனைகள் மயங்கிப் புரளும். முகரக் கொடுக்கலாம், தின்னவிட வேண்டா.

கவனம் தேவை

நூல், ரப்பர் வளையம், ஊசி ஆகியவற்றை விளையாட்டு முடிந்ததும் எடுத்துவிடுங்கள். விழுங்கிய நூல் குடலை அறுத்துவிடக்கூடும். லில்லி மலர்கள் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். பருத்த பூனையைப் பட்டினி போடுதல் கூடாது. சில நாள் உண்ணாதிருந்தாலே கல்லீரல் பழுதடையலாம். எடையை மருத்துவர் வழிகாட்டுதலில் மெல்லக் குறைக்க வேண்டும். குறிப்பாக ஆண் பூனை அடிக்கடி மண் தட்டிற்குச் சென்றும் சிறுநீர் வராமல் தவித்தால், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். தாமதம் உயிருக்கே ஆபத்து.

வங்கத்தில் குழந்தைகளைக் காக்கும் சஷ்டி தேவியின் வாகனம் பூனை. மேற்கு வங்கத்தின் மாநில விலங்கும் மீன்பிடிப் பூனையே. பூனையை இத்துணை மதிக்கும் ஊரில், எங்கள் வீட்டுப் பூனையைச் சோம்பிக் கிடக்கவிட்டோமே என்ற வருத்தம் எங்களுக்கு உண்டு.

சிறுசேமிப்பைப் போலவே, இதிலும் தொகையைவிடத் தவறாமையே பலன் தருகிறது. சில மாதங்களில் எங்கள் பூனையின் உடல் இளைத்தது. இரவுப் பிறாண்டலும் நின்றது. இப்போது அந்தியில் அது சன்னல் பலகையில் அமர்ந்து, ஏரியிலிருந்து எழும் பறவைகளைப் பார்க்கிறது. பிறகு எங்கள் பக்கம் திரும்பி, குச்சியை எடுக்கச் சொல்லி அழைக்கிறது.