தொலைக்காட்சித் தொடர்களில் கருவுறுதலும் பிறப்பு மறைவும்: இந்தி–தமிழ் மொழிமாற்றத்தில் உறவுமுறைச் சொற்கள்

0. முன்னுரை

தொலைக்காட்சித் தொடர்களின் கதையோட்டத்தை இயக்குவன பெரும்பாலும் மூன்று வினாக்களே. கருவுற்றிருப்பவள் யார்? பிறக்கும் குழந்தையின் தந்தை யார்? இதுகாறும் அயலாராக இருந்த இருவர் ஒருவருக்கொருவர் என்ன முறை? தூர்தர்ஷனில் 1984–85இல் ஒளிபரப்பாகிய ‘ஹம் லோக்’ குடும்பநலக் கருத்துகளைப் பரப்பும் நோக்குடன் தொடங்கப் பெற்றது. 2000 முதல் 2008 வரை ஒளிபரப்பாகிய ‘க்யோங்கி ஸாஸ் பீ கபீ பஹூ தீ’ கூட்டுக் குடும்பத்தின் பல தலைமுறைகளைக் களமாகக் கொண்டது. பின்னர் வந்த இந்தித் தொடர்கள் பல தமிழில் மொழிமாற்றம் பெற்றன. ‘பாலிகா வது’ (2008) தமிழில் ‘மண் வாசனை’ எனவும், 2013ஆம் ஆண்டு இந்தித் தொடரான ‘மஹாபாரத்’ தமிழில் ‘மகாபாரதம்’ எனவும் வழங்கின.

இத்தகைய தொடர்களில் உறவுமுறைச் சொற்கள் உரையாடலின் அணியாக நில்லாமல், கதையையே தாங்கி நிற்கின்றன. ஒரு சொல் பிறழ்ந்தால் மணவினை பழியாகவும், பழி மணவினையாகவும் மாறிவிடக்கூடும். இச்சிக்கல் எழும் இடங்களையும், மொழிபெயர்ப்பாளர் கைக்கொள்ளத்தக்க வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

1. இரு அமைப்புகள்

மார்கன் 1871இல் திராவிட உறவுமுறையின் தனித்தன்மையைச் சுட்டினார். ஐராவதி கார்வே (1953) வட, தென்னிந்திய அமைப்புகளை ஒப்பிட்டார். டிராட்மன் (1981) திராவிட அமைப்பினை விரிவாக ஆராய்ந்தார். இவ்வாய்வுகளால் தெளிவுபடும் அடிப்படை வேறுபாடு ஒன்று உண்டு. இந்தியில் பெரியப்பா, சித்தப்பா, மாமன், அத்தை, பெரியம்மா, சித்தி ஆகியோரின் மக்கள் யாவரும் ‘பாயீ’, ‘பஹன்’ என்றே அடங்குவர்; ‘சசேரா’, ‘மமேரா’ முதலிய அடைகள் வழியை மட்டும் காட்டும். தமிழிலோ தந்தையின் உடன்பிறந்தான் மக்களும் தாயின் உடன்பிறந்தாள் மக்களும் உடன்பிறந்தார் முறையினர். மாமன் மக்களும் அத்தை மக்களும் கொள்வினை கொடுப்பினைக்கு உரிய முறையினர்.

பாரதக் கதை இதற்குத் தக்க சான்றாகும். சுபத்திரை வசுதேவரின் மகள். குந்தி வசுதேவரின் உடன்பிறந்தாள். ஆகவே சுபத்திரை அருச்சுனனுக்கு மாமன் மகள். தமிழ்ப் பார்வையாளர்க்கு இது ‘முறைப்பெண்’ என்னும் ஒரு சொல்லில் இயல்பாக முடிகிறது. வட இந்தியப் பார்வையாளர் பலர்க்கோ இது விளக்கம் வேண்டும் உறவாகும். 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டமும் உடன்பிறந்தார் இருவரின் மக்களிடையே மணத்தை விலக்கி, வழக்காறு இடந்தந்தால் ஏற்கிறது.

இவ்வேறுபாடு பிறப்பு மறைவுக் கதைகளில் பெருஞ்சிக்கலாகிறது. எடுத்துக்காட்டாக ஒரு காட்சியைக் கற்பித்துக்கொள்ளலாம். மணமேடையில் முதியவள் ஒருத்தி எழுந்து, மணமகள் உண்மையில் மணமகனுடைய மாமனுக்குப் பிறந்து வேறிடத்தில் வளர்ந்தவள் என்கிறாள். இந்தி உரையாடலில் ‘இவள் உன் பஹன்’ என்றதும் மணம் நின்றுவிடுகிறது. தமிழில் ‘இவள் உன் தங்கை’ என மாற்றினால் முன்பின் சொல்லப்பட்ட உறவோடு முரணும். ‘இவள் உன் மாமன் மகள்’ என மாற்றினால், ‘முறைதானே, மணம் நிற்பானேன்?’ என்னும் ஐயம் எழும். ‘எங்கள் குலத்தில் மாமன் மகளும் தங்கைதான்’ என்று கதைமாந்தர் வாயிலாகவே அவர்தம் வழக்காற்றைச் சொல்ல வைத்தல் இங்குப் பொருத்தமான வழியாகும். தடை மொழியில் இல்லை, அம்மக்களின் வழக்கில் உள்ளது என்பது இதனால் தெளிவாகும்.

2. மூப்பும் வழியும்

‘பாயீ’, ‘பஹன்’ ஆகியவை மூப்பு இளமையை உணர்த்தா. தமிழில் அண்ணன், தம்பி, அக்காள், தங்கை என ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். ‘அவன் உன் பாயீ’ என்று மறைபொருள் வெளிப்படும் காட்சியில், மூத்தவன் யார் என்பதைக் கதையாசிரியரே இன்னும் முடிவு செய்யாதிருக்கலாம். நாள்தோறும் வரும் தொடரில் மொழிபெயர்ப்பாளர்க்கு வருங்காலக் கதை தெரியாது. ‘சகோதரன்’ என்பது மூப்பினை விடுத்தாலும் பேச்சில் ஒட்டுவதில்லை. ‘ஒரு வயிற்றுப் பிள்ளைகள்’ என்பது இயல்பான தொடர். ஆயின் தாய் ஒருத்தியே என்னும் பொருளையும் அது சேர்த்தே தரும். தந்தை மட்டும் ஒருவராயின் ‘ஒரு தகப்பனுக்குப் பிறந்தவர்கள்’ என்றே அமைத்தல் வேண்டும். மாறாக, கர்ணன் பிறப்பு வெளிப்படும் இடத்தில் தமிழுக்கு ஆக்கமே மிகுதி. அவன் பாண்டவர்க்கு மூத்தோன் என்பதே அரசுரிமைச் சிக்கலின் உயிர். இந்தியில் ‘பாயீ’க்கு அடைமொழி வேண்ட, தமிழில் ‘அண்ணன்’ என்னும் ஒரு சொல்லே அதனை உணர்த்திவிடுகிறது.

தலைமுறை கடந்த உறவில் நிலை எதிராகும். ‘தாதீ’ தந்தையின் தாய், ‘நானீ’ தாயின் தாய். பொதுத்தமிழில் இருவரும் ‘பாட்டி’யே. அப்பத்தா, அம்மாச்சி, அப்பாயி, அம்மாயி முதலிய வட்டார வழக்குகள் வேறுபாட்டைக் காட்டினும், அவை கதைமாந்தரைத் தமிழகத்தின் ஒரு பகுதிக்கு உரியவராக்கிவிடும். ‘போதா’, ‘நாதீ’ ஆகிய இரண்டும் ‘பேரன்’ என ஒன்றாகும். சொத்துரிமை பற்றிய காட்சியில் இவ்வேறுபாடு தேவையாயின் ‘மகன் வயிற்றுப் பேரன்’, ‘மகள் வயிற்றுப் பேரன்’ என்னும் வழக்குகள் கைகொடுக்கும்.

தமிழிலிருந்து செல்லும் சொல்லும் இடர்ப்படுவதுண்டு. 1999–2001இல் வந்த தமிழ்த் தொடரின் தலைப்பாகிய ‘சித்தி’ தாயின் தங்கை, சித்தப்பாவின் மனைவி, தந்தையின் இரண்டாம் மனைவி ஆகிய மூவரையும் குறிக்க வல்லது. இந்தியில் ‘மௌஸீ’, ‘சாசீ’, ‘ஸௌதேலீ மா’ என மூன்றும் வேறு வேறு.

3. கருவுறுதலைக் குறிக்கும் வழக்குகள்

கருவுற்றதை வெளிப்படக் கூறாது குறிப்பாற் கூறுதல் இரு மொழிக்கும் பொது. இலக்கணத்தார் கூறும் இடக்கரடக்கலோடு இது ஒப்புநோக்கத்தக்கது. ஆயின் குறிப்பு வேறுபடும். இந்தியில் ‘பாவ் பாரீ ஹோனா’ என்பதன் சொற்பொருள் ‘கால் கனத்தல்’. அதனை அப்படியே பெயர்த்தால் அவள் கால்நோயாளியாகிவிடுவாள். ‘உம்மீத் ஸே ஹோனா’ என்பதனை ‘நம்பிக்கையோடிருத்தல்’ எனப் பெயர்ப்பதும் பொருள் தராது. தமிழில் முழுகாமல் இருத்தல், உண்டாகியிருத்தல், மாசமாக இருத்தல், நாள் தள்ளிப்போதல் எனப் பல உள. இவை ஒருபொருட் சொற்கள் போலத் தோன்றினும் கதையில் இடம் வேறு. ‘நாள் தள்ளிப்போயிருக்கிறது’ என்பது ஐயநிலை. ‘மாசமாக இருக்கிறாள்’ என்பது ஊரறிந்த நிலை. மணமாகாதவளின் மறைவைக் காட்டும் காட்சிக்கு முன்னதே பொருந்தும். ‘ஏதாவது விசேஷமா?’ என்னும் வினா ‘குஷ்கபரீ’ என்பதன் இடத்தை நிரப்பும்.

எண்ணும் வேறுபடுகிறது. இந்தித் தாய் ‘ஒன்பது மாதம்’ கருவில் சுமந்ததாகக் கூறுவாள். தமிழ்த்தாய் ‘பத்து மாதம்’ சுமந்து பெற்றவள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் புலம்பும் இடத்தில் ‘ஒன்பது மாதம்’ என்பது கணக்காக ஒலிக்குமேயன்றித் தாய்மையாக ஒலியாது.

4. காட்சியும் விளியும்

எழுத்து மொழிபெயர்ப்புக்கு இல்லாத கட்டுப்பாடு திரைக்கு உண்டு. ‘கோத் பராயீ’ என்பதனை ‘வளைகாப்பு’ எனலாம். ஆயின் திரையில் மடி நிறையப் பழமும் இனிப்பும் இடப்படுவதே தெரியும். ‘மடி நிரப்பும் சடங்கு’ என ஒருமுறை கூறி, அடுத்து ‘நம் வளைகாப்பு போல’ எனச் சேர்த்தல் படத்துக்கும் சொல்லுக்கும் உள்ள பிணக்கைத் தீர்க்கும். ‘பாபீ’ என்பதில் இதழ்கள் இருமுறை கூடும். ‘அண்ணி’ என்பதில் இதழொலியே இல்லை. அண்மைக் காட்சிகளில் சொற்றொடரை மாற்றியமைத்தே இதனைச் சரிக்கட்ட இயலும்.

‘பேடா’ என்று மகளையும் விளிப்பது இந்தி வழக்கு; ‘மகனே’ என்பது பாலையே மாற்றிவிடும். ‘கண்ணு’, ‘அம்மா’ என்பவை தக்கவை. ‘பஹூ’ என்னும் விளிக்கு ‘மருமகளே’ என்பது பேச்சில் வழங்குவதன்று. பெயரிட்டோ ‘அம்மா’ என்றோ விளித்தலே இயல்பு.

5. புதிய பெற்றோர்நிலை

‘குழந்தைக்கு உன் பெயரைக் கொடு’ என்னும் இந்திக் கூற்று குடும்பப் பெயரைக் கருதியது. தமிழகத்தில் அதனிடத்தில் நிற்பது தலைப்பெழுத்து. ‘இந்தக் குழந்தைக்கு இனிஷியல் யார் தருவது?’ என்னும் வினாவின் கூர்மை அக்கூற்றுக்கு நிகரானது.

‘வாடகைத் தாய்’ என்னும் சொல்லும் மறு ஆய்வுக்கு உரியது. 2021ஆம் ஆண்டு இயற்றப்பெற்று 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் வணிகநோக்கிலான முறையை விலக்கி, மருத்துவச் செலவும் காப்பீடும் தவிரப் பணம் பெறாது சுமப்பதையே ஏற்கிறது. கூலியின்றித் தன் அண்ணிக்காகக் கருச்சுமக்கும் கதைமாந்தரை ‘வாடகைத் தாய்’ என்பது அவள் செயலையே இழிவுபடுத்தும். ‘பதிலித் தாய்’, ‘கருச்சுமக்கும் தாய்’ என்பவை ஏற்புடையன. ஏசும் கதைமாந்தரின் வாயில் மட்டும் பழைய சொல் நிற்கலாம்.

6. முடிவுரை

உறவுமுறைச் சொல்லுக்கு நேர்ச்சொல் தேடுவது போதாது; அச்சொல் எந்த மணத்தைத் தடுக்கிறது, எந்த உரிமையைத் தருகிறது என்பதையே பெயர்த்தல் வேண்டும். மொழிமாற்றம் தொடங்குமுன் கதைமாந்தர் அனைவர்க்கும் மூப்பு, தந்தைவழி, தாய்வழி, அறிந்த உறவு, மறைந்த உறவு ஆகியவற்றைக் காட்டும் உறவுமுறைப் படம் ஒன்றை வரைந்துகொள்ளுதல் நன்று. தெரியாத இடங்களில் பின்னர் மாற்றவியலாத சொல்லைத் தவிர்த்தலும் அதனோடு சேர்த்துக் கொள்ளத்தக்கது. ‘தம்பி’ என்று ஒருமுறை அழைக்கப்பட்டவன், நூறு பகுதிகளுக்குப் பின் அண்ணனாக வெளிப்பட நேர்ந்தால், அப்பிழையைப் பார்வையாளர் கதையாசிரியர்மேல் ஏற்றமாட்டார்; தமிழின்மேலேயே ஏற்றுவார்.