பழைய ஃப்ளாப்பி டிஸ்க் இருக்கா? கம்ப்யூட்டரில் போடும் முன் இதைப் படிங்க!

கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், சங்க ஆண்டறிக்கை... 1990-களில் கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் டி.டி.பி. சென்டர்களில் டைப் செய்த பலதும் ஃப்ளாப்பியில்தான் சேமிக்கப்பட்டன. அச்சுப் பிரதி தொலைந்துவிட்டால் அந்த டிஸ்க்தான் ஒரே ஆதாரம். அதன் காந்தப் பூச்சோ வருஷா வருஷம் கெட்டுக்கொண்டே வருகிறது.

ஃபைலை காப்பி செய்தால் போதாதா?

போதாது. 3.5 இன்ச், 1.44 எம்.பி. டிஸ்க்கில் இரண்டு பக்கம். பக்கத்துக்கு 80 வட்டப் பாதைகள், பாதைக்கு 18 பிரிவுகள், பிரிவுக்கு 512 பைட். ஆக மொத்தம் 14,74,560 பைட். காப்பி செய்தால் கண்ணுக்குத் தெரியும் ஃபைல் மட்டுமே வரும். டிஸ்க் இமேஜ் எடுத்தால் எல்லாப் பிரிவும் அப்படியே ஒரே ஃபைலாக வந்துவிடும். டெலிட் செய்த ஃபைலின் மிச்சம்கூட அதில் கிடைக்கலாம்.

எப்படித் தொடங்குவது?

1. லேபிளை போட்டோ எடுங்கள்.

2. உலோக மூடியை நகர்த்திப் பாருங்கள். பூஞ்சை இருந்தால் டிரைவில் போடவே கூடாது. ஹெட்டில் ஒட்டி அடுத்த டிஸ்க்கையும் கெடுக்கும்.

3. மூலையில் உள்ள சின்ன பிளாஸ்டிக்கைத் தள்ளி, ஓட்டை தெரியும்படி வையுங்கள். இனி அதில் எதுவும் எழுதப்படாது.

4. யூ.எஸ்.பி. ஃப்ளாப்பி டிரைவில் போட்டு, வின்இமேஜ் போன்ற மென்பொருளில் இமேஜ் எடுங்கள். 'ஃபார்மேட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டால், 'கேன்சல்' கொடுங்கள்.

5. படிக்க மறுக்கிறதா? பழைய டெஸ்க்டாப் ஃப்ளாப்பி டிரைவும் 'கிரீஸ்வீசல்' போர்டும் தேவைப்படும். டிஸ்க்கின் காந்த மாற்றங்களையே இது பதிவு செய்யும். உயர்தர இமேஜ் என்பது இதுதான். 5.25 இன்ச் டிஸ்க்குக்கும் அதற்குரிய டிரைவோடு இதே வழிதான்.

திறந்தால் புரியாத எழுத்து வருதா?

பயப்படாதீங்க, ஃபைல் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்றில்லை. அப்போது ஆளுக்கொரு தமிழ் ஃபான்ட், ஆளுக்கொரு குறியீட்டு முறை. 1999-ல் தமிழ்நாடு அரசு டாம், டாப் முறைகளை ஏற்றது. கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010-ல்தான் யூனிகோடை ஏற்றது. அதனால் டிஸ்க்கில் ஃபான்ட் ஃபைல் இருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். அது இல்லாமல் எழுத்தைப் படிப்பது கஷ்டம்.

மாற்றுவது, திருத்துவது எல்லாம் இமேஜின் நகலில் மட்டும் செய்யுங்கள். அசல் இமேஜ் இரண்டு இடத்தில் இருக்கட்டும். டிஸ்க்கையும் தூக்கிப் போட்டுடாதீங்க!