நினைவும் கைப்பழக்கமும்

மூளையின் இயல்பை ஆராய்வது நரம்பியல். உளத்துன்பமுற்றாரை ஆராய்ந்து துணைபுரிவது மருத்துவ உளவியல். இவ்விரண்டும் ஒன்றையொன்று வேண்டிநிற்பன என்பதற்குப் பிறெண்டா மில்னர் அம்மையாரின் ஆராய்ச்சி சான்றாகும். கனடா நாட்டு மக்கில் பல்கலைக்கழகத்திலே டொனால்ட் ஹெப் என்னும் பேராசிரியரின்கீழ்ப் பயின்ற அவர், மூளை அறுவை வைத்தியர் பென்பீல்டின் நோயாளரைப் பரிசோதித்து 1952இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

வலிப்பு நோயைத் தணிக்கும்பொருட்டு 1953இல் மூளையின் இருபுறத்தும் ஒரு பகுதி அகற்றப்பெற்ற ஹென்றி மொலேசன் என்பார், புதியனவற்றை நினைவிற் கொள்ளும் ஆற்றலை இழந்தார். கண்ணாடியிற் காணும் விம்பத்தை மட்டும் நோக்கி விண்மீன் உருவொன்றை வரையுமாறு மில்னர் அவரைப் பணித்தார். மூன்று நாட்களிற் பிழைகள் குறைந்தன. ஆயினும், முன்பு வரைந்ததாக அவருக்கு நினைவே இல்லை. நிகழ்ந்ததை நினைத்தல் வேறு, கைப்பழக்கம் வேறு என்பது இதனாற் புலனாயிற்று.

இவ்வுண்மையைத் தந்தது நோயாளியின் அருகே பொறுமையுடன் அமர்ந்து நோக்கிய நோக்கே. இத்துறையிற் கலாநிதிப் பட்டம் நாடும் மாணவர் முதற்கண் பெறவேண்டிய பயிற்சியும் அதுவேயாம்.