ஜனாதிபதிக்கு எத்தனை ஆண்டு அனுபவம் வேண்டும்?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஜனாதிபதித் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் ஒரு கேள்வி பெரும்பாலும் தவறாமல் எழுகின்றது. 'இந்த அபேட்சகருக்கு நாட்டை நடத்துவதற்குப் போதிய அனுபவம் உண்டா?' என்பதே அது. வயதில் இளையவரைப் பார்த்து இக்கேள்வியைக் கேட்பார்கள். அரசாங்கப் பதவி எதிலும் அமர்ந்திராதவரைப் பார்த்தும் கேட்பார்கள். ஆனால் அந்நாட்டு அரசியல் சட்டம் இது பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிறப்பினால் அமெரிக்கக் குடியாக இருக்க வேண்டும். 35 வயது நிறைந்திருக்க வேண்டும். 14 ஆண்டுகள் அந்நாட்டில் வசித்திருக்க வேண்டும். அபேட்சகருக்கு அச்சட்டம் விதிக்கும் தகுதிகள் இவ்வளவே. எஞ்சியதை வாக்காளரின் தீர்ப்புக்கே விட்டுவிட்டார்கள்.

நம் நாட்டு ராஷ்டிரபதிக்கும் 35 வயது நிறைந்திருக்க வேண்டும் என்றே நமது அரசியல் சட்டம் கூறுகின்றது. ஆயினும் பெயர் ஒன்றாக இருப்பதால் பதவியும் ஒன்று என்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. நம் ராஷ்டிரபதி மந்திரி சபையின் ஆலோசனைப்படி நடப்பவர். அமெரிக்க ஜனாதிபதியோ நாட்டின் தலைவராகவும், நிர்வாகத்தின் தலைவராகவும், படைகளின் தலைவராகவும் ஒருங்கே விளங்குபவர். அவருடைய மந்திரிகள் அவருக்கு யோசனை கூறலாம், முடிவு அவருடையதே. மேலும், பாராளுமன்ற ஆட்சி நடக்கும் நாடுகளில் பிரதமராக வருபவர் பெரும்பாலும் பல ஆண்டுகள் சபையில் இருந்து, மந்திரியாகவோ எதிர்க்கட்சியிலோ பயின்ற பின்னரே அவ்விடத்தை அடைகின்றார். அமெரிக்காவில் அத்தகைய படிக்கட்டு இல்லை. ஒரு மாநிலத்தின் கவர்னர், ஒரு சேனாதிபதி, ஏன், ஒரு வியாபாரி கூட நேரே அந்த ஆசனத்தில் அமர்ந்துவிடலாம். அனுபவத்தைப் பற்றிய கேள்வி அங்கே இவ்வளவு வலிமை பெறுவதற்கு இதுவே காரணம்.

இக்கேள்வி மிகத் தெளிவாக எழுந்த தேர்தல் 1960ஆம் ஆண்டில் நடந்தது. குடியரசுக் கட்சியின் அபேட்சகர் ரிச்சர்டு நிக்ஸன், வயது 47. ஜனநாயகக் கட்சியின் அபேட்சகர் ஜான் கென்னடி, வயது 43. நிக்ஸன் எட்டாண்டுகள் உபஜனாதிபதியாக இருந்தவர். 1955இல் ஜனாதிபதி ஐஸன்ஹோவர் மாரடைப்பினால் படுத்திருந்தபோது மந்திரி சபைக் கூட்டங்களுக்குத் தலைமை வகித்தவர். 1959இல் மாஸ்கோவில் குருஷ்சேவோடு நேருக்கு நேர் நின்று வாதிட்டவர். ஆகவே அனுபவத்துக்கே மதிப்பு என்பதை அவருடைய கட்சியினர் தேர்தல் முழக்கமாகவே கொண்டனர். கென்னடிக்கோ செனட் சபையில் தம் பெயர் சொல்லும்படியான பெரிய சட்டம் ஒன்றும் இல்லை.

முதல் அடி கென்னடியின் சொந்தக் கட்சியிலிருந்தே விழுந்தது. 1960 ஜூலை 2ஆம் தேதி முன்னாள் ஜனாதிபதி ட்ரூமன் நிருபர்களைக் கூட்டி, இத்தனை பெரிய பொறுப்புக்குத் தாம் பக்குவம் அடைந்துவிட்டதாகக் கென்னடி கருதுகின்றாரா என்று வெளிப்படையாகவே வினவினார். இரண்டு நாட்கள் கழித்துக் கென்னடி பதில் அளித்தார். காங்கிரஸ் சபைகளில் தாம் பணிபுரிந்த 14 ஆண்டுகள் போதாது என்றால், அதே அளவுகோலால் வில்சனும், ரூஸ்வெல்ட்டும், ட்ரூமனுமே தேறியிருக்க மாட்டார்கள் என்றார். 44 வயதுக்கு உட்பட்டவர்களை ஒதுக்கியிருந்தால் ஜெபர்ஸன் சுதந்திரப் பிரகடனத்தை எழுதியிருக்க முடியாது, வாஷிங்டன் படைக்குத் தலைமை தாங்கியிருக்க முடியாது என்றும் சொன்னார்.

கேள்வி கேட்ட ட்ரூமனின் வரலாற்றையும் இங்கே நினைத்துப் பார்க்கத் தோன்றுகின்றது. அவர் 1945இல் மூன்று மாதம் கூட உபஜனாதிபதியாக இருந்து முடிக்கவில்லை. ரூஸ்வெல்ட் திடீரென மறைந்தார். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே ஜனாதிபதிப் பொறுப்பு ட்ரூமன் தலையில் விழுந்தது. அணுகுண்டைப் பற்றிய விவரங்கள் அதன் பின்னரே அவருக்குச் சொல்லப்பட்டன!

அவ்வாண்டு செப்டம்பர் 26ஆம் தேதி சிக்காகோ நகரில் இரு அபேட்சகரும் முதன் முறையாக ஒரே மேடையில் விவாதித்தனர். நிருபர்கள் எழுப்பிய முதற் கேள்வியே அனுபவத்தைப் பற்றியதுதான். கென்னடியின் விடை எளிமையானது: தாமும் நிக்ஸனும் ஒரே தேர்தலில் வென்று காங்கிரசுக்கு வந்தவர்கள் என்றார். அது உண்மையே. 1947 ஜனவரியில் இருவரும் பிரதிநிதிகள் சபையில் ஒருங்கே நுழைந்தவர்கள். அடுத்து நிக்ஸனுக்குச் சங்கடமான கேள்வி ஒன்று வந்தது. சில வாரங்களுக்கு முன், நிக்ஸன் கூறி அரசாங்கம் ஏற்றுக்கொண்ட பெரிய யோசனை ஒன்றைச் சொல்லுமாறு ஐஸன்ஹோவரை நிருபர் ஒருவர் கேட்டிருந்தார். ஒரு வாரம் அவகாசம் கொடுத்தால் ஒருவேளை நினைவுக்கு வரலாம் என்று ஐஸன்ஹோவர் கூறிவிட்டார். அது வேடிக்கையாகச் சொன்ன சொல்லாக இருக்கலாம் என்று நிக்ஸன் சமாதானம் கூறினார். ஆனால் எட்டாண்டுப் பதவியின் மதிப்பு அந்த ஒரு வாக்கியத்தில் பாதியாகிவிட்டது.

வானொலி நேயர்களாகிய நமக்கு இங்கே ஒரு சிறு செய்தி சுவையாக இருக்கும். அந்த விவாதத்தை டெலிவிஷனில் பார்த்தவர்கள் கென்னடி வென்றார் என்றும், வானொலியில் கேட்டவர்கள் நிக்ஸன் வென்றார் என்றும் கருதியதாக ஒரு கதை இன்றும் உலவுகின்றது. அதற்கு ஆதாரமான கணக்கெடுப்பு மிகப் பலவீனமானது என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் கூறியிருக்கின்றனர். எனினும் கதை சாகவில்லை. தேர்தலில் கென்னடி வென்றார். ஏறத்தாழ 7 கோடிப் பேர் வாக்களித்த அத்தேர்தலில் இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் ஒரு லட்சத்துச் சில ஆயிரம் வாக்குகளே.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்விவாதங்களைப் படிக்கும்போது ஓர் ஐயம் தோன்றுவதுண்டு. தமிழில் நாம் பணிமூப்பு என்று ஒன்றைச் சொல்கின்றோம். அனுபவம் என்று வேறொன்றைச் சொல்கின்றோம். சர்க்கார் காரியாலயத்தில் வேலை பார்ப்பவர் எவருக்கும் இவ்விரண்டின் வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. பணிமூப்புப் பட்டியலில் முதலில் நிற்பவரிடமா, சிக்கலான கோப்பு வரும்போது எல்லோரும் தேடிச்செல்லும் மனிதரிடமா, எவரிடம் அனுபவம் இருக்கின்றது என்பது அங்கே அனைவரும் அறிந்த ரகசியம். 'பட்டறிவு' என்ற சொல்லிலேயே பட்டு அறிவது என்னும் பொருள் அடங்கியிருக்கின்றது. அமெரிக்கத் தேர்தல் மேடைகளில் அனுபவம் என்ற பெயரால் பேசப்படுவது பெரும்பாலும் பணிமூப்பே. கென்னடியின் ஆட்சி இதற்கு நல்ல உதாரணம்.

1961 ஜனவரி 20ஆம் தேதி அவர் பதவி ஏற்றார். மூன்று மாதம் முடிவதற்குள், ஏப்ரல் 17ஆம் தேதி, கியூபாவிலிருந்து வெளியேறியிருந்த ஏறத்தாழ 1,400 பேர், அமெரிக்க உளவு ஸ்தாபனம் அளித்த பயிற்சியோடும் ஆயுதங்களோடும், அந்நாட்டின் பன்றிகள் குடாவில் கரை இறங்கினர். மூன்றே நாட்களில் எல்லாம் முடிந்துவிட்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1,100 பேருக்கு மேல் சிறைப்பட்டனர். அனுபவமற்ற இளைஞரை ஆசனத்தில் அமர்த்தினால் இப்படித்தான் ஆகும் என்று சொல்வதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகின்றது. இத்திட்டம் ஐஸன்ஹோவர் காலத்திலேயே உருவானது. இதனைக் கென்னடியிடம் கொண்டுவந்த உளவு ஸ்தாபனத்தின் தலைவர் ஆலன் டல்லஸ் 1953 முதல் அப்பதவியில் இருந்தவர். படைத் தலைவர்களோ வாழ்நாள் முழுவதும் யுத்தத் துறையில் ஊறியவர்கள். பழுத்த அனுபவசாலிகள் கூடி இருந்த அறையில்தான் அத்தவறு நிகழ்ந்தது. கென்னடியின் குறை அவர்களுடைய பணிமூப்பை மறுத்துக் கேட்கத் துணியாமையே.

தோல்விக்குப் பின் அவர் செய்த காரியங்கள் கவனிக்கத்தக்கவை. பொறுப்பைப் பகிரங்கமாகத் தாமே ஏற்றுக்கொண்டார். எங்கே பிழை நேர்ந்தது என்று ஆராய ஜெனரல் மாக்ஸ்வெல் டெய்லரை நியமித்தார். ஏப்ரல் 22ஆம் தேதி காம்ப் டேவிட் என்ற இடத்துக்கு ஐஸன்ஹோவரை வரவழைத்து யோசனை கேட்டார். இத்திட்டத்தை அங்கீகரிக்கும் முன் எல்லோரையும் எதிரே அமர்த்தி, வாதப் பிரதிவாதங்களைக் கேட்டு முடிவு செய்தீரா என்று அந்த முதியவர் வினவினார். உண்மையில் அவ்வாறு செய்யப்படவில்லை.

அக்கேள்வி வீண்போகவில்லை. 1962 அக்டோபரில், கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் நிறுவப்படுவதை விமானப் படங்கள் காட்டின. 16ஆம் தேதி முதல் 28ஆம் தேதி வரை உலகம் அணு யுத்தத்தின் விளிம்பில் நின்றது. உடனே குண்டு வீச வேண்டும் என்று படைத் தலைவர்கள் வற்புறுத்தினர். இம்முறை கென்னடி அவர்கள் சொல்லை அப்படியே ஏற்கவில்லை. மாறுபட்ட கருத்துடையவர்களை ஒரே அறையில் அமர்த்தி வாதிடச் செய்தார். தாம் இருந்தால் பிறர் மனம் திறந்து பேசமாட்டார்கள் என்று சில கூட்டங்களுக்கு வராமலும் இருந்தார். மாஸ்கோவில் ஐந்தாண்டுகள் தூதராக இருந்த தாம்ஸன் என்பவர் அக்குழுவில் ஒருவர். 27ஆம் தேதி, பேச்சு வார்த்தையால் ஏவுகணைகளை அகற்ற முடியாது என்று கென்னடியே சோர்ந்து கூறியபோது, அதைத் தாம் ஒப்பவில்லை, இன்னும் வழி இருக்கின்றது என்று அவர் ஜனாதிபதியின் முகத்துக்கு நேரே மறுத்தார். அவ்வுரையாடல் ஒலிப்பதிவாக இன்றும் இருக்கின்றது. மறுநாள் ஏவுகணைகளைத் திரும்பப் பெறுவதாகக் குருஷ்சேவ் அறிவித்தார். அதற்கு ஈடாகத் துருக்கியிலிருந்த அமெரிக்க ஏவுகணைகள் அகற்றப்படும் என்று ரகசியமாக வாக்களிக்கப்பட்டிருந்த செய்தி நெடுங்காலம் கழித்தே வெளிவந்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே சென்ற காலம் 18 மாதம். அந்த 18 மாதம் அவருடைய 14 ஆண்டுகளைவிட மிகுதியாகக் கற்பித்தது என்பதே என் கருத்து.

அப்படியானால் நீண்ட காலப் பணிக்கு மதிப்பே இல்லையா? உண்டு. கறுப்பு இனத்தவருக்குச் சம உரிமை அளிக்கும் சட்டத்தைக் கென்னடி 1963 ஜூன் மாதத்தில் முன்வைத்தார். நவம்பரில் அவர் கொலையுண்டபோது அது காங்கிரசைத் தாண்டவில்லை. அடுத்து வந்த லிண்டன் ஜான்ஸன் காங்கிரசின் இரு சபைகளிலும் 24 ஆண்டுகள் இருந்தவர். செனட் சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவராக விளங்கியவர். எந்த உறுப்பினர் எதற்கு இணங்குவார், எவரை எவர் மூலம் அணுக வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். தென் மாநில உறுப்பினர்கள் பல வாரம் பேசிப் பேசியே காலத்தைக் கடத்தினர். ஆயினும் 1964 ஜூன் 10ஆம் தேதி 71க்கு 29 என்ற வாக்கினால் அத்தடை தகர்ந்தது. ஜூலை 2ஆம் தேதி சட்டம் நிறைவேறியது. இதனைக் கென்னடி உயிரோடிருந்தால் செய்து முடித்திருப்பாரா என்பது ஐயமே.

ஆனால் அதே ஜான்ஸன்தான் வியட்நாமுக்கு 5 லட்சத்துக்கு மேற்பட்ட படையினரை அனுப்பி, மீள வழி காணாமல், 1968இல் மீண்டும் போட்டியிடவில்லை என்று அறிவித்தார். செனட் சபையின் தாழ்வாரங்களில் பலித்த வித்தை ஹனாய் நகரத்துத் தலைவர்களிடம் பலிக்கவில்லை. நீந்தத் தெரிந்தவருக்கு மரம் ஏறவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை அல்லவா? எத்தனை ஆண்டு அனுபவம் என்று கேட்குமுன், எதில் அனுபவம் என்று கேட்பது நலம். நிக்ஸனும் அவ்வாண்டில் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அயல்நாட்டு விவகாரங்களில் அவர் பெற்றிருந்த தேர்ச்சி 1972இல் சீனத்தின் கதவைத் திறந்தது. எதிர்க்கட்சியின் காரியாலயத்தில் நுழைந்து பிடிபட்டவர்களின் விவகாரத்தை மூடி மறைக்க முயன்றதோ 1974 ஆகஸ்டு 9ஆம் தேதி அவரைப் பதவியிலிருந்தே இறக்கியது.

பழைய வரலாற்றிலிருந்து ஒரே ஓர் எடுத்துக்காட்டு. 1857இல் ஜனாதிபதியான ஜேம்ஸ் புக்கானன் பிரதிநிதிகள் சபையிலும் செனட் சபையிலும் அமர்ந்தவர். ரஷ்யாவுக்கும் பிரிட்டனுக்கும் தூதராகச் சென்றவர். வெளிநாட்டு மந்திரியாக இருந்தவர். தகுதிப் பட்டியலில் அவருக்கு நிகராகச் சொல்லத்தக்கவர் மிகச் சிலரே. அவர் பதவியில் இருந்தபோதே ஏழு மாநிலங்கள் நாட்டைவிட்டுப் பிரிந்தன; அவர் செய்வதறியாது கைகட்டி நின்றார். அவருக்குப் பின் வந்தவர், இல்லினாய் மாநிலச் சட்டசபையில் எட்டாண்டும், காங்கிரசில் இரண்டே ஆண்டும் இருந்து, செனட் சபைக்குச் செல்ல இருமுறை முயன்று தோற்றவர். அவர் ஆபிரகாம் லிங்கன்.

2016ஆம் ஆண்டில் இக்கேள்வி அதன் எல்லையையே தொட்டது. அரசாங்கப் பதவியோ படைப் பணியோ எதுவும் வகித்திராத டொனால்டு டிரம்ப் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்நாட்டு வரலாற்றில் அதற்கு முன் அவ்வாறு நிகழ்ந்ததில்லை. அனுபவம் இன்மையையே ஒரு தகுதியாக எண்ணி அவருக்கு வாக்களித்தவர் பலர். 2020இல் அவரை வென்ற ஜோ பைடனோ செனட் சபையில் 36 ஆண்டும், உபஜனாதிபதியாக எட்டாண்டும் இருந்தவர். 2024இல் அவரே மீண்டும் போட்டியிட முன்வந்தபோது, விவாதம் தலைகீழாகத் திரும்பிற்று. இவர் போதிய காலம் பணிபுரிந்தவரா என்று எவரும் கேட்கவில்லை. 81 வயதில் இன்னும் நான்காண்டு தாங்குவாரா என்றே கேட்டனர். ஜூலை 21ஆம் தேதி அவர் போட்டியிலிருந்து விலகினார். 35 வயது என்று கீழ் வரம்பு விதித்த அரசியல் சட்டத்தில் மேல் வரம்பு எதுவும் இல்லை.