குளிர் நீரைத் தேடும் டிரவுட் மீன்

தென்பெண்ணை ஆற்றில் கெண்டையும் கெளுத்தியும் அகப்படும். ஒசூரை அடுத்த கெலவரப்பள்ளி நீர்த்தேக்கத்திலும் கிருஷ்ணகிரி அணையிலும் தூண்டில் போடுவோரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆனால் அங்கே எவ்வளவு நாள் காத்திருந்தாலும் அகப்படாத மீன் ஒன்று உண்டு. அதுதான் டிரவுட். அதே தமிழ்நாட்டில், நீலகிரியின் ஓடைகளில் அது நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து வருகிறது. ஓரிடத்தில் வாழும் மீன் மற்றோர் இடத்தில் வாழ முடியாதது ஏன்? இக்கேள்விக்கு விடை காண முயன்றால், நம் ஊர் ஆற்றைப் பற்றியும் சில உண்மைகள் விளங்கும்.

கப்பலில் வந்த முட்டைகள்

டிரவுட் நம் நாட்டு மீன் அன்று. ஐரோப்பாவின் பழுப்பு டிரவுட், வட அமெரிக்காவின் வானவில் டிரவுட் என்னும் இரு இனங்களே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டவற்றுள் முக்கியமானவை. இந்திய மீன்களை ஆராய்ந்து பெருநூல் எழுதிய மருத்துவர் பிரான்சிஸ் டே, 1863ஆம் ஆண்டில் டிரவுட் முட்டைகளை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார். முயற்சி தோல்வியுற்றது. ஆனால் மறு ஆண்டே, அதாவது 1864இல், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவுக்கு முட்டைகள் உயிருடன் போய்ச் சேர்ந்தன. ஏறக்குறைய மூன்று மாதக் கடற்பயணத்தை அவை தாங்கியது எப்படி? ஈரப் பாசியில் பொதிந்து பனிக்கட்டி அறையில் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். வெப்பநிலை குறையக் குறைய முட்டைக்குள் கருவின் வளர்ச்சி மெதுவாகிறது. 10 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய ஒன்றரை மாதத்துக்குள் பொரிக்கும் முட்டை, பனிக்கட்டியின் குளிரில் பல மாதங்கள் பொரிக்காமல் இருக்கும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் என்பவர் நீலகிரியில் வானவில் டிரவுட்டை நிலைபெறச் செய்தார். அவலாஞ்சியில் பொரிப்பகம் ஒன்றும் அமைந்தது. இம்மீன் குளிர்ந்த நீரில் இனப்பெருக்கம் செய்வது. ஆகவே நீலகிரியின் குளிர்ந்த ஓடைகள் அதற்கு உகந்தவையாயின.

குளிரும் ஆக்சிஜனும்

மீனும் ஆக்சிஜன் இன்றி வாழாது. நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அது செவுள்களால் பிரித்துக்கொள்கிறது. சோடா புட்டியை வெயிலில் வைத்தால் வாயு விரைவில் வெளியேறிவிடுவதை நீங்கள் அறிவீர்கள். சூடான நீரில் வாயு குறைவாகவே தங்கும். கடல் மட்டத்தில் 10 டிகிரி நீர் ஒரு லிட்டருக்கு 11.3 மில்லிகிராம் ஆக்சிஜனை ஏற்கும். 30 டிகிரி நீரோ 7.6 மில்லிகிராமே ஏற்கும்.

மலை உச்சியில் காற்றழுத்தம் குறைவாயிற்றே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். 2,000 மீட்டர் உயரத்தில், 10 டிகிரியில், லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராமே கரையும். ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலுள்ள ஒசூரில், 28 டிகிரியில், அது சுமார் 7 மில்லிகிராம். வேறுபாடு இரண்டு மில்லிகிராம்தான்! அப்படியானால் டிரவுட் இங்கும் வாழலாமே?

இங்குதான் மற்றொரு விதி குறுக்கிடுகிறது. மீன் குளிர்ந்த குருதிப் பிராணி. நீரின் வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் அதன் உடலின் ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய இரு மடங்காகும். வரவு குறையும்போது செலவு பெருகுகிறது. டிரவுட் 20 டிகிரிக்கு மேல் தவிக்கத் தொடங்கும். 25 டிகிரியை ஒட்டி மாண்டு போகும். வெப்ப நாட்டில் தோன்றிய கட்லா, ரோகு போன்ற கெண்டை இனங்கள் 30 டிகிரியிலும் நலமாக இருக்கும்.

இறகால் ஆன பூச்சி

டிரவுட் பிடிப்போர் மண்புழுவுக்குப் பதிலாகப் போலிப் பூச்சியைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். சிறு தூண்டில் முள்ளில் இறகும் உரோமமும் நூலும் சுற்றி, நீர்ப்பூச்சி போலத் தோன்றச் செய்வார்கள். தென்னிந்தியச் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகுகளுக்கு இதனால் மேலை நாடுகளில் பெரும் கிராக்கி இருந்தது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காடுகளிலும் உலவும் இப்பறவை இன்று 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளது.

நம் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நூலை இழுத்துச் செல்லும். போலிப் பூச்சிக்கோ கனமே இல்லை. ஆகவே நூலையே தடிமனாகவும் கனமாகவும் செய்கிறார்கள். சாட்டையை வீசும்போது அலை நுனிக்கு ஓடுவதைப் போல, கழியை வீசினால் நூலின் வளைவு முன்னோக்கி ஓடிப் பூச்சியை நீரின்மேல் மெல்ல இறக்குகிறது.

ஐரோப்பிய நாடுகளிலும் அமெரிக்காவிலும் உள்ள மலையாறுகளில் குளிர்காலத்திலும் இவ்வாறு மீன் பிடிப்பார்கள். நீர் 4, 5 டிகிரிக்கு இறங்கும்போது டிரவுட்டின் உடலியக்கம் தளர்ந்துவிடும். வேகமான நீரோட்டத்தை விட்டு, கல்லின் மறைவிலும் மடுவின் அடியிலும் அது ஒதுங்கும். இரையைத் துரத்தாது, வாயருகே வருவதை மட்டுமே உண்ணும். எனவே அனுபவசாலிகள் நண்பகலில் நீர் சற்று வெதுவெதுப்பாகும் வேளையைத் தேர்ந்து, மிகச் சிறிய பூச்சியை நீரின் அடியில் மெதுவாக மிதக்க விடுவார்கள். குளிரிலும் இறகு முளைத்து வெளிவரும் கைரோனமிட் என்னும் சிறு ஈக்களையே இவர்கள் பெரும்பாலும் போலி செய்வது.

அதே ஈ, நம் ஆற்றில்

இந்த ஈயின் குடும்பம் தென்பெண்ணைக்கும் அந்நியமன்று. இதன் சில இனங்களின் புழுக்கள் சிவப்பாக இருக்கும். காரணம், நம் இரத்தத்தில் உள்ளதைப் போன்ற ஹீமோகுளோபின் அவற்றிடமும் உண்டு. ஆக்சிஜன் அருகிய சேற்றிலும் அவை பிழைத்துக்கொள்ளும்.

தென்பெண்ணை, கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, பெங்களூரின் கழிவுநீரையும் ஏற்றுக்கொண்டு ஒசூரை அடைகிறது. கெலவரப்பள்ளியில் வெண்ணுரை பொங்கிய செய்திகளைப் பல ஆண்டுகளில் படித்திருப்பீர்கள். நுரை கண்ணுக்குத் தெரியும். அதைவிடப் பெரிய கேடு கண்ணுக்குத் தெரியாது. கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் நீரின் ஆக்சிஜனைச் செலவிடுகின்றன. பகலில் பாசிகள் ஒளிச்சேர்க்கையால் அதை ஓரளவு ஈடு செய்யும். இரவில் பாசிகளும் சுவாசிக்கவே செய்யும். ஈடு செய்ய எதுவும் இராது. ஆகவே விடியலுக்குச் சற்று முன்புதான் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். அதிகாலையில் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாய் பிளப்பது இதனாலேயே. டிரவுட்டுக்குப் பொருந்தாத நீர் கெண்டைக்குப் பொருந்தலாம். கெண்டைக்கும் பொருந்தாத நீர் யாருக்குப் பயன்படும்? அந்த நீரைப் பாசனத்துக்கு நம்பியிருக்கும் வயல்களும் இருக்கின்றனவே!

விருந்தாளி மீனைக் கொண்டுவந்ததிலும் ஒரு பாடம் உண்டு. புதிய இடத்தில் அது உள்ளூர்ச் சிறு மீன்களையும் பூச்சிகளையும் தின்றுவிடும். ஆகவே இன்று உலகின் கேடு மிகுந்த அயல் உயிரினங்களுள் டிரவுட்டும் ஒன்றாகக் கருதப்படுகிறது. நீலகிரி ஓடையிலும் முன்பு இருந்தவை எவை என்று நாம் கேட்டாக வேண்டும்.

நீங்களும் ஓர் எளிய சோதனை செய்யலாம். நுரையும் நாற்றமும் இல்லாத ஓர் ஓடையில், பெரியவர் ஒருவர் துணையுடன், ஆழமில்லாத இடத்தில் கல் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். மூன்று வால் இழைகளுடைய மேஃபிளைப் பூச்சிகளோ, மணல் கூட்டுக்குள் வாழும் கேடிஸ் புழுக்களோ பல இருந்தால், நீரில் ஆக்சிஜன் போதிய அளவு உண்டு என்று கொள்ளலாம். சிவப்புப் புழுக்கள் மட்டுமே நெளிந்தால் அந்த நீர் மூச்சுத் திணறுகிறது என்று பொருள். பார்த்ததும் கல்லை முன்பு இருந்தபடியே வைத்துவிட்டு, கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். கண்டதைத் தேதியுடன் குறிப்பேட்டில் எழுதி, மாதந்தோறும் ஒப்பிட்டு வாருங்கள். ஓராண்டில் உங்கள் ஓடையின் உடல்நிலை உங்களுக்கே விளங்கிவிடும்.