கறுப்புப் பாறை, வெள்ளை மணல்

மொரீஷியஸ் தீவு சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு இறுகி உண்டானது. பண நோட்டிலே தமிழ் எழுத்து உள்ள நாடாயிற்றே, நம்மவர் போனால் படம் எடுக்காமல் திரும்புவார்களா?

அங்கே பாறை கன்னங்கரேல். மணலோ, பவளப்பாறை பொடிந்து வந்ததால் வெள்ளைவெளேர். காமிரா இதில் ஏமாந்துபோகும். மணல் நிறைய விழுந்தால் குழந்தையின் முகம் கறுத்துவிடும். பாறை நிறைய விழுந்தால் மணல் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுக்கும். கைபேசியானால், திரையில் குழந்தையின் முகத்தை விரலால் தொட்டுவிட்டு எடுங்கள். உச்சிவெயில் வேண்டவே வேண்டாம். நம்ம திண்டுக்கல் மலைக்கோட்டையே மத்தியானம் தட்டையாகத்தானே தெரிகிறது! சாய்ந்த வெயிலில்தான் பாறையின் மடிப்பு எழுந்து நிற்கும். ஷாமரெல் ஏழு நிற மண்ணுக்கும் இதே கணக்குத்தான்.

தெற்குக் கரையில் க்ரி-க்ரி என்ற இடத்தில் மட்டும் ஜாக்கிரதை. மற்றக் கரைகளில் அலையைத் தடுக்கும் பவளத்திட்டு அங்கே இல்லை. கடல் நேரே வந்து மோதும். படம் அழகாக வரும் என்று பிள்ளையை விளிம்பில் நிறுத்தி, கடலுக்கு முதுகு காட்டச் சொல்லாதீங்க. காமிரா ஒருவர் கையில் என்றால், குழந்தை இன்னொருவர் கையில் இருக்கணும். மேட்டிலிருந்தே எடுக்கலாம்; அலை தெறிப்பது அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.

லென்ஸில் உப்புத்துளி பட்டால் சேலைத் தலைப்பால் தேய்க்காதீங்க, மணல் கீறிவிடும். பழைய மல் துணியை நல்ல தண்ணீரில் நனைத்து ஒற்றி எடுங்கள்.